பம்பரம் விழுங்கிய ஸ்குரூ

என் மச்சினனுக்குப் பம்பரம் என்று பட்டப்பெயர் வைத்தது யாரோ, அவர் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், வேலையில் கெட்டிக்காரன். வேலை பிடித்துவிட்டால் சோறு தண்ணி மறந்துபோகும். பிடிக்காவிட்டால் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. ஒன்பது வயதிலேயே கவனக்குறைபாடு என்று கண்டுபிடித்து டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். சம்பாதிக்க ஆரம்பித்ததும், "சின்னப் பசங்க மாத்திரை, எதுக்கு மாமா தண்டச் செலவு?" என்று அவனே நிறுத்திவிட்டான்.

மிச்சம் பிடித்த லட்சணத்தைக் கேளுங்கள். ஏணியிலிருந்து விழுந்து கை ஒடிந்தது. வெல்டிங் அனலில் விரல் வெந்தது. பிரஷர் மாத்திரையை வாங்கி வைத்துவிட்டுப் போட மறந்து, மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஒவ்வொரு தடவையும் அவன் மனைவி என்னைத்தான் கூப்பிடுவாள். நானும் தலையில் அடித்துக்கொண்டே ஓடுவேன்.

போன வாரம் இன்னும் மோசம். கை ஒழியாதபோது கழற்றிய ஸ்குரூவை உதட்டில் கவ்விக்கொள்வது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் பழக்கம். இவன் ஒன்றைக் கவ்வியபடி கம்ப்ரசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்துக் கடைக்காரர் ஏதோ கேட்க, ஸ்குரூவை மறந்து வாயைத் திறந்தான். மடக்கென்று உள்ளே போய்விட்டது.

"வயித்தைக் கிழிப்பாங்களா மாமா?" வழி நெடுக இதே கேள்விதான். கிழித்தால் கடையை மூடிவிட்டு வாரக்கணக்கில் படுக்க வேண்டும். பழைய ஆஸ்பத்திரிக் கடனே இன்னும் தீரவில்லை. கூட வந்த அவன் மனைவி பழைய ரிப்போர்ட்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா சிரித்தார். "சின்னதுதான், முனையும் மழுங்கல். இரைப்பையைத் தாண்டிடுச்சு, தானா வெளிய வந்துடும். ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு படம் எடுத்துப் பாத்துடலாம். ஆபரேஷன் வேண்டாம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"முன்னாடியும் இப்படி ஏதாவது ஆகியிருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டதுதான் தாமதம், அவன் மனைவி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். சின்ன வயதில் போட்ட மாத்திரையையும் சொன்னாள்.

"வளந்துட்டா அந்தக் கவனக்குறைபாடு எல்லாருக்கும் சரியாயிடும்னு இல்லைங்க. இவ்வளவு விபத்துக்கும் அதுவே காரணமா இருக்கலாம். பெரியவங்களுக்கும் வைத்தியம் இருக்கு. நீங்க இதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொட்டினதுல அதோட செலவு கால்வாசிகூட வராது. அதுக்குன்னு இருக்கிற டாக்டருக்கு எழுதித் தர்றேன்."

பம்பரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். "அப்போ... நான் பொறுப்பு கெட்டவன் இல்லையா, டாக்டர்?"

நாற்பது வயது மனுஷன் கேட்கிற கேள்வியா அது! டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் அவன் மனைவி முந்திக்கொண்டாள்.

"இல்லைங்க. நீங்க அப்படி இல்லவே இல்ல."

அவன் தேம்பித் தேம்பி அழுதான். நானும்தான்.