பதினொரு வயதின் உயரம்

சிறைக்குள் ரத்தம் சிந்தாத இடம் ஒன்று உண்டென்றால் அது புத்தக அறைதான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அந்த ஆண்டு கோடை விடுமுறைக்கு முந்தைய இரண்டே வாரங்களில் அங்கே ஒரு மூக்கு உடைந்தது, இரண்டு பற்கள் விழுந்தன. திமிங்கிலங்களைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றை இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். புத்தகம் தப்பியது. மூக்கு தப்பவில்லை.

விஷயம் இதுதான். பள்ளிகள் மூடும் சமயத்தில் யாரோ நல்ல மனம் படைத்தவர்கள் பெட்டி பெட்டியாகக் குழந்தைப் புத்தகங்களை அனுப்பிவைப்பார்கள். பிள்ளை பெற்ற கைதி ஒவ்வொருவரும் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். விடுமுறையின் முதல் சனிக்கிழமை, கம்பி வலை இல்லாத பெரிய அறையில், பிள்ளையின் கையில் அதைத் தாமே கொடுக்கலாம். பெற்ற பிள்ளையைத் தொட்டுப் பேச ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது அந்த அரை மணி நேரம்தான். சண்டையில் சிக்கியவனுக்கு அதுவும் கிடையாது. அது தெரிந்தும் அடித்துக்கொண்டார்கள்.

புத்தக அறையைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் தையல்காரர் என்றே அழைத்தார்கள். கெட்டி அட்டைக்குள் எதையாவது ஒளித்துவிடலாம் என்பதால் அட்டையை உரித்துவிட வேண்டும் என்பது விதி. அதற்காகக் காவலர் தினமும் காலையில் ஒரு பிளேடைக் கொடுத்து, மாலையில் திரும்ப வாங்கிக்கொள்வார். உரித்த புத்தகங்களைத் தையல்காரர் நூலால் தைத்து, பழைய காலண்டர் தாளில் புது மேலுறை போடுவார்.

தைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் வாசித்துவிடுவார். எறும்புப் புற்றின் அறைகள், உப்பும் எலுமிச்சையும் வைத்துச் செய்யும் வேடிக்கைகள், எலும்புக்கூட்டின் கதை, கணக்குப் புதிர்கள். திறந்தால் குழந்தை சிரிக்க வேண்டும், மூடும்போது அதற்குப் புதிதாக ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இதுதான் அவருடைய அளவுகோல். சோதித்துப் பார்க்க அங்கே குழந்தைகள் ஏது? வழிப்பறி வழக்கில் வந்த ஒரு தடியரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுவார். தடியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "அண்ணே, எறும்புக்கு ரெண்டு வயிறா? என்னை மாதிரியே இருக்கே" என்று கேட்டால் அந்தப் புத்தகம் தேறியது.

அப்பாக்கள் வந்து தேர்ந்தெடுக்கும்போதுதான் அவர் ஒன்றைக் கவனித்தார். எல்லோரும் சின்னக் குழந்தைகளுக்கான புத்தகமாகவே எடுத்தார்கள். பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டால், "அஞ்சு" என்பார்கள். நீங்கள் உள்ளே வந்து எத்தனை வருடம் என்று கேட்டால் நாலு என்பார்கள். சொன்ன பிறகுதான் அவர்கள் முகம் மாறும். வீட்டைவிட்டு வந்த அன்றோடு பிள்ளையின் வயதை அவர்கள் மனம் நிறுத்திவைத்திருந்தது.

இருபது ஆண்டுகள் பள்ளிச் சீருடை தைத்த கை அவருடையது. எந்த வயதுப் பிள்ளைக்குத் தோள் எந்த உயரத்தில் இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அறைக் கதவின் உட்புறத்தில் வயது வாரியாகச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தார். புத்தகம் எடுக்கும் முன் அவரவர் பிள்ளையின் கோட்டுக்கு நேரே நிற்க வேண்டும். சிலர் சிரித்தார்கள். சிலர் அந்த இடத்தில், காற்றில், தோளைத் தொடுவது போலக் கையை வைத்துப் பார்த்தார்கள்.

அவர் செய்த குற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல், துணி வெட்டும் மேசைக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள் அவருடைய ஏழு வயது மகள். ஏதோ எரிச்சலில் இருந்த கடைக் கூட்டாளி அவளை இழுத்துக் கன்னத்தில் அறைந்தான். தையல்காரர் கையில் கத்தரிக்கோல் இருந்தது. இரண்டு விநாடி. கூட்டாளி கழுத்தைப் பிடித்தபடி துணிக்குவியல் மேல் சாய்ந்தான். மகளின் நோட்டுப் புத்தகம் சிவந்துபோனது. அவள் கத்தவில்லை. அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு ஒருமுறைகூட அவள் அவரைப் பார்க்க வரவில்லை.

அந்தக் கோடையில்தான் அவளிடமிருந்து முதல் கடிதம் வந்தது. இரண்டே வரி. 'விடுமுறைக்கு அம்மாவோடு வருகிறேன். இப்போதெல்லாம் நீங்கள் யாரையும் அடிப்பதில்லை என்று அம்மா சொல்கிறாள். அது நிஜமா?' படித்துவிட்டு அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை.

சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருக்கும்போது லாரி வந்தான். லாரி ஓட்டியவன் என்பதால் அந்தப் பெயர். ஒரு வழித்தகராறில் இரும்புத் தடியால் ஒருவன் காலை நொறுக்கிவிட்டு உள்ளே வந்து ஐந்து வருடம். பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவி, தொட்டுப் பார்க்கும் புத்தகம் ஒன்றை எடுத்தான். கரடிப் படத்தில் மெத்தென்று மயிர் ஒட்டியிருக்கும், மீன் படம் வழவழவென்று இருக்கும். விரலால் கரடியைத் தடவித் தடவிச் சிரித்தான்.

"எம்பையன் இதைப் பாத்தா விடவே மாட்டான்" என்றான்.

தையல்காரர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். பையனுக்கு ஆறு என்றான் அவன். பிறகு தானே விரல்விட்டு எண்ணி, பாதியில் நிறுத்தினான். தையல்காரர் பிளேடைக் கையில் வைத்தபடியே கதவருகே போய், பதினொரு வயதுக் கோட்டைக் காட்டினார். எஞ்சினைக் குறுக்கே வெட்டி உள்ளே ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லும் புத்தகம் ஒன்று இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

லாரி கோட்டைப் பார்த்தான். அது அவனுடைய நெஞ்சுக்கு வந்தது.

"அழி அதை" என்றான்.

"தம்பி, அழிச்சா மட்டும்..."

முதல் குத்து வாயில் விழுந்தது. இரண்டாவதில் தாடை எலும்பு முறியும் சத்தம் அவருக்கே கேட்டது. அவர் கதவோடு சரிந்ததும் லாரி முக்காலியைத் தூக்கி விலாவில் இறக்கினான். "எம்புள்ள சின்னவன்டா" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னான். "அவன் சின்னவன்டா." கடைசியில் மார்பின் மேல் ஏறி உட்கார்ந்து, தலையைப் பிடித்துத் தரையில் மோதினான்.

பிளேடு தையல்காரரின் வலது கையில் இருந்தது. லாரியின் கழுத்து, நரம்பு புடைத்துக்கொண்டு, ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று அந்தக் கைக்குத் தெரியும். கை எழுந்ததும் உண்மை. பாதி வழியில் அவர் விரல்களை மூடினார். பிளேடை உள்ளங்கைக்குள் வைத்து, எலும்பில் படும்வரை இறுக்கினார். மணிக்கட்டு வழியாக ரத்தம் வழிந்து லாரியின் சட்டையை நனைத்தது. காவலர்கள் வந்து பிரிக்கும்வரை விரல்களைத் திறக்கவில்லை.

விசாரணையில் சூப்பிரண்டுக்குக் குழப்பமே வரவில்லை. கையில் ரத்தம் தோய்ந்த பிளேடு. பழைய வழக்கில் கத்தரிக்கோல். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்ததால் தையல்காரரால் பேசவும் முடியாது. சனிக்கிழமை அவருக்கு இல்லை என்று எழுதியாகிவிட்டது. லாரி தற்காத்துக்கொண்டவன் என்றால் அவன் பிள்ளையைப் பார்க்கத் தடையில்லை. காவலரே வழியும் எடுத்துக் கொடுத்தார். "அவன் பிளேடோட பாய்ஞ்சான், நீ தடுத்த. அவ்வளவுதானே?" தலையை ஆட்டினால் போதும்.

லாரி சூப்பிரண்டைப் பார்த்துச் சொன்னான்.

"இல்ல சார். அவரு என்னைத் தொடவே இல்ல. பிளேடைத் தன் கையிலயே குத்திக்கிட்டாரு. என் கழுத்து அவருக்கு எட்டுற தூரத்துலதான் சார் இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

தையல்காரர் மேலிருந்த தடை நீங்கியது. லாரிக்கு ஒரு மாதம் தனியறை. சனிக்கிழமை கிடையாது. புத்தகம் மட்டும் போகலாம் என்றார்கள். தனியறைக் கதவின் சிறு துவாரம் வழியாகக் காவலரிடம் ஒன்றே ஒன்று சொல்லியனுப்பினான். "அந்த எஞ்சின் புத்தகத்தையே கொடுக்கச் சொல்லுங்க."

சனிக்கிழமை அந்தப் பெரிய அறையில் மகளைப் பார்த்ததும் தையல்காரர் எழுந்து நின்றார். பதின்மூன்று வயது. அந்த வயதுக்கு அவர் போட்ட கோட்டைவிட அவள் தோள் இரண்டு விரல்கடை உயரமாக இருந்தது. அவருடைய முகம் ஒரு பக்கம் கறுத்து வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. அவள் மேசைக்கு அப்பால் நின்றாள், உட்காரவில்லை.

"கையைக் காட்டுங்க" என்றாள்.

இரண்டு கைகளையும் மேசையில் வைத்தார். அவள் குனிந்து விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அடித்தவனின் மூட்டில் தோல் பிய்ந்திருக்கும் என்று அந்த வயதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. எதிலும் கீறல் இல்லை. வலது கையைத் திருப்பினாள். உள்ளங்கையில் பதினான்கு தையல். பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயைத் திறக்க முடியாத மனிதர் மூக்கு வழியாக அழுதார்.

நடந்ததை வரும் வழியிலேயே காவலர் அம்மாவிடம் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். அதனால் அவர் எஞ்சின் புத்தகத்தை நீட்டி, வாசலோரம் தாயோடு நின்ற பையனைக் காட்டியதும் அவளுக்குப் புரிந்தது.

"அவன் அப்பாதானே உங்களை இப்படி அடிச்சாரு?"

அவர் தலையசைத்தார். மறுபடியும் புத்தகத்தை நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டு போனாள். அவனுடைய அப்பா கொடுக்கச் சொன்னதாகச் சொன்னாள். பையன் அங்கேயே பிரித்து, வெட்டிக் காட்டிய எஞ்சினுக்குள் மூக்கை நுழைத்தான். பிறகு நிமிர்ந்து, தூரத்தில் இருந்த அந்த வீங்கிய முகத்தைப் பயத்தோடு பார்த்தான்.

"அவரை யாரு அக்கா அப்படி அடிச்சது?"

பையனின் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் ஒருமுறை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரும் அடிக்கல" என்றாள். "முக்காலி மேல ஏறிப் புத்தகம் எடுத்தாராம். விழுந்துட்டாரு."

திரும்பி வந்தவள் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.