பரேடைப் பார்த்து மயங்கினேன்

மூன்று வருடங்களுக்கு முன், பள்ளிக்கூடம் திறந்த சமயம் நடந்தது. ராணுவத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு ராஜபாளையம் திரும்பியிருந்தேன். ப்ளஸ் ஒன் சேர்த்த மகள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அறையைச் சாத்திக்கொண்டாள். காரணம் கேட்டால் தட்டு பறக்கும். என் அதட்டல் எல்லைக்குத்தான் லாயக்கு, வீட்டில் செல்லுபடியாகவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் 'பிள்ளைகளைத் திருத்தித் தரும்' பெண்கள் விடுதி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கோயிலுக்கு என்று பொய் சொல்லித்தான் அவளைக் கூட்டிப்போனோம்.

முற்றத்தில் பெண்பிள்ளைகள் நூல் பிடித்தாற்போல் நின்றார்கள். விசில் அடித்ததும் சத்தமில்லாமல் கலைந்தார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. வேறு யாராவது என்றால் சமையல்கட்டையும் கக்கூஸையும் எட்டிப் பார்த்திருப்பார்கள். நான் பார்த்தது பரேடை மட்டும்! "மூணு மாசம் போனும் கிடையாது, பாக்க வரவும் கூடாது" என்றார் நிர்வாகி. டிரெயினிங் என்றால் அப்படித்தானே என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். மகள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னவோ தப்பு, எது என்று பிடிபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கேட்டாள்:

"ஏங்க, புள்ளைக்கு மேலுக்கு முடியலன்னா அங்கன யாருகிட்ட சொல்லும்?"

தூக்கிவாரிப்போட்டது. பட்டாளத்தில் நேற்றுச் சேர்ந்த பையன்கூட உடம்பு சரியில்லை என்று காலையில் சொன்னால் டாக்டர் பார்ப்பார். தர்பார் என்று எல்லோரையும் கூட்டிவைத்துக் குறை கேட்கும் நாளில் அதிகாரியின் முகத்துக்கு நேரே குறை சொல்லலாம். வீட்டுக்கு நாலு வரி எழுதலாம். இங்கே? நான் கேட்கவே இல்லை. அறைக்கதவுகளில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது அப்போதுதான் உறைத்தது.

பாதி வழியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். அது நகருவதாகவே தெரியவில்லை. நிர்வாகியிடம் மனைவி கேட்டதையே கேட்டேன். சிரித்தார்.

"குறை சொல்ல விட்டா பொறவு எப்படி சார் திருந்தும்?"

"எம் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க" என்றேன். கையெழுத்துப் போட்டாயிற்றே என்று இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் யாரோ தாழ்ப்பாளை நீக்க, மகளே வெளியே வந்துவிட்டாள். மற்ற பிள்ளைகளை நினைத்து மனசு ஆறாமல் மறுநாள் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். விசாரிப்பதாகச் சொன்னார்கள்.

அன்று திரும்பி வந்த ஆட்டோவில் மகள் பேசியது ஒரே ஒரு வரிதான்.

"நீங்க திரும்பி வருவீகன்னு நான் நெனைக்கவே இல்லப்பா."

பிறகு மனநல டாக்டரிடம் வாரந்தோறும் அழைத்துப்போனோம். மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள். கோபம் இன்னும் வரும், தட்டு பறப்பதில்லை. ஆனால் அப்பா வரமாட்டார் என்று முடிவுகட்டி அவள் அங்கே உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம் இன்றும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.