செருப்பைப் பார்த்து ஏறிய ட்ராம்

காசிநாதன் மனிதர்களைக் காலிலிருந்துதான் பார்க்க ஆரம்பிப்பார். ஆம்பூரில் ஆபித் பாஷாவின் தோல் பதனிடும் ஷாப்பில், தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரித்துப் பழகிய ஆள். யாருடைய முகமும் அவருக்கு மறந்துவிடும், செருப்பு மறக்காது. இந்தப் புத்திதான் ஒருநாள் அவர் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

ரங்கூன் தோல் கிடங்கில் இரண்டு வருஷம் வேலை செய்துவிட்டு வருகிறேன் என்று போனவர், நாலு வருஷம் அங்கேயே இருந்துவிட்டார். அவருக்கென்று பேசி வைத்திருந்த மாமன் மகள் சுந்தரி இங்கே காத்துக்கொண்டிருந்தாள். மாமன் வேலுவுக்குப் பொறுமை போய்விட்டது. 'வருகிற மாசம் முதல் வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் காசி வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஜோலார்பேட்டை ரயில்வேக்காரன் வீட்டோடு தாம்பூலம் மாற்றிவிடுவேன்' என்று ரங்கூனுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். பெண்ணைப் பெற்றவர், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கப்பல் சென்னைத் துறைமுகத்தைத் தொட்டதே அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான். உச்சி வேளை மெயிலைப் பிடித்தால் பொழுதோடு ஆம்பூர் போய்ச் சேரலாம். வெளியே வந்தால் ட்ராம் வண்டிகள் மணியடித்துக்கொண்டு நாலா பக்கமும் ஓடுகின்றன. சென்ட்ரலுக்கு எது போகும் என்று யாரையாவது கேட்டிருக்கலாம். மகானுபாவர் கேட்கவில்லை. முன்னால் போனவரின் செருப்பைப் பார்த்தார். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல், சாட்சாத் ஆம்பூர்ச் சரக்கு! நம்ம ஊர்க்காரர், ஊருக்குத்தான் போவார் என்று முடிவு கட்டி, அவர் பின்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ட்ராம் வெகுதூரம் போயும் சென்ட்ரல் வரவில்லை.

"இன்னாங்க, ஆம்பூர் வண்டிக்கு நேரமாவலையா?" என்று செருப்புக்காரரைக் கேட்டார்.

"ஆம்பூரா? நான் ராயபுரம் போறேங்க. அங்க வாத்தியார் வேலை."

"கால்ல ஆம்பூர் தோலு இருக்குதே!"

"மூர் மார்க்கெட்ல வாங்கினதுய்யா இது!"

கதையைக் கேட்டதும் அந்த வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். சாமுவேல் என்று பெயர், தங்கமான மனுஷர். தானும் கூடவே இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த ட்ராமில் ஏற்றி, நடுவில் வண்டி மாற்றி, சென்ட்ரல் வாசலிலிருந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மெயில் போய்விட்டிருந்தது. காசிநாதன் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதார். வாத்தியார்தான் ஒரு அதட்டுப் போட்டு எழுப்பி, அடுத்த பாசஞ்சரில் ஏற்றிவிட்டார்.

அந்தப் பாசஞ்சர் ஒரு ஸ்டேஷன் விடாமல் நின்றது. காட்பாடியிலேயே விளக்கு வைத்தாயிற்று. குடியாத்தம் தாண்டும்போது சுந்தரி இனி நமக்கு இல்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை.

ஆம்பூரில் இறங்கினால், எதிரே சுந்தரி. பக்கத்தில் மாமன் வேலு, உர்ரென்று.

"மெயில்ல நீ இல்லன்னதும் நைனா ஊட்டுக்குக் கூப்பிட்டாரு. நான் வரலைன்ட்டேன்" என்றாள்.

"ரயில்வேக்காரங்க?"

"மத்தியானமே தட்டு எடுத்துக்கினு வந்தாங்க. என் மாமன் வந்துக்கினு இருக்காரு, நீங்க வேற எடம் பாத்துக்கங்கன்னு நானே சொல்லி அனுப்பிட்டேன்."

"எங்க என்னைப் பேச வுட்டா?" என்று முனகினார் வேலு.

காசிநாதன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "இந்த வண்டியிலயும் நான் வரலைன்னா இன்னா பண்ணியிருப்பே?"

"நாளைக்கும் ரயில் வரும் இல்ல மாமா?" என்றாள் சுந்தரி.