பிரைவேட் என்று ஒரு வரி

ஓய்வு பெற்ற பிறகும் எனக்குக் கெர்னலை, அதாவது கணினியை உள்ளிருந்து இயக்கும் மைய நிரலை, விட மனம் வரவில்லை. காப்பெல் என்ற ஊரில் எங்கள் வீட்டில், கராஜை ஒட்டிய அறையில், மற்றவர்கள் கோல்ஃப் ஆடுவதைப்போல் நான் மவுண்ட்டுகளோடு ஆடிக்கொண்டிருந்தேன்.

மவுண்ட் என்பது பெரிய விஷயமில்லை. செருகிய டிஸ்க்கைக் கணினியில் ஒரு இடத்தில் பொருத்திக் காட்டுவது, அவ்வளவுதான். சோதனைக்கென்று கெர்னலிடம் கணினிக்குள்ளேயே தனி அறை ஒன்றும் கேட்டு வாங்கலாம். ஆனால் 'பிரைவேட்' என்று ஒரு வரி எழுதாவிட்டால், வெளியே பொருத்துவது அந்த அறைக்குள்ளும் முளைத்துவிடும். முளைக்குமா என்று பார்க்க ஒரு கோப்பு உண்டு. முளைக்குமென்றால் 'ஷேர்டு' என்று காட்டிக்கொடுக்கும். இதை அலுவலகத்தில் வருடக்கணக்காக வகுப்பெடுத்தவன் நான். அன்று வரியையும் எழுதவில்லை, கோப்பையும் திறக்கவில்லை.

என் மனைவி ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறாள். பிள்ளைகள் வாசிப்பதை நான்கு வருடமாகப் பதிவு செய்து ஒரு டிஸ்க்கில் வைத்திருந்தாள். முதல் வருடம் "பளம்" என்றவர்கள் நான்காம் வருடம் "பழம்" என்றார்கள். ஆண்டு விழாவில் அதைப் போட்டுக் காட்டத்தான் அவளுக்கு ஆசை. வேறு நகல் கிடையாது.

சோதனையை ஓடவிட்டு நான் காபி போடப் போனபோது அவள் அந்த டிஸ்க்கை என் கணினியில் செருகியிருக்கிறாள். சோதனையின் கடைசி வேலை, அந்தத் தனி அறையில் இருப்பதையெல்லாம் அழிப்பது. உள்ளே முளைத்திருந்த அவள் டிஸ்க்கையும் சேர்த்து அழித்துவிட்டது.

"ஏங்க, டிஸ்க்குல ஒண்ணுமே காணோம். போன தடவ எஜெக்ட் பண்ணாம புடுங்கிட்டேன், அதனாலயா?"

அரை நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

"பின்ன? எத்தன தடவ சொல்லியிருக்கேன்!" என்று திட்டவும் செய்தேன்.

மீட்கப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

விழா மேடையில் அவள், "தப்பு என்னோடதுதான், மன்னிச்சிடுங்க" என்றாள். கீழே என் பக்கத்தில் இருந்த, பிள்ளை ஒன்றின் அப்பா, "என்ன அங்கிள், நீங்க கம்ப்யூட்டர் ஆளாச்சே, ரெக்கவர் பண்ண முடியலையா?" என்று கேட்டார். சமோசாவை வாயில் திணித்துக்கொண்டு தலையாட்டினேன்.

திரும்பும்போது காரில், "இனிமே உங்க கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டேன், எனக்குக் கை ராசியில்ல" என்றாள். அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அழிச்சது தெரியாம. சரி. என்னத் திட்டினது தெரிஞ்சுதானே?"

"ஆமாம்மா."

அடுத்த ஞாயிறு அவள் முதல் பாடத்திலிருந்து மறுபடி பதிவு செய்யத் தொடங்கினாள். கூட வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.