ஆடியில் வந்த மாப்பிள்ளை முயல்

என் மருமகள் எங்கள் வீட்டுக்கு வரும்போது ஒரு சூட்கேஸும் ஒரு முயலும் கொண்டுவந்தாள். சீர் என்று வேறு எதுவும் கிடையாது. அதற்கு நான்தான் காரணம். நிச்சயத்தன்று அத்தனை பேர் முன்னால், "கட்டில் பீரோ பாத்திரம் ஒண்ணும் வேணாம். எங்க வீட்ல எல்லாம் இருக்கு. பொண்ணை மட்டும் அனுப்புங்க, போதும்" என்று சொல்லிவிட்டேன். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் தக்காளியும் முருங்கையும் போடுகிற குடும்பம் அவர்களுடையது. கேட்டிருந்தால் செய்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. அந்தப் பெருமையை என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்களில் ஒருத்தி விடாமல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முயலை மட்டும் அவளே கேட்டாள். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் போன் செய்து, "ஏனுங்க அத்தை, நான் முசல் ஒண்ணு வளத்தறனுங்க. கூடக் கொண்டாந்துக்கலாமுங்களா?" என்றாள். பீரோவே வேண்டாம் என்றவள் முயலை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வரட்டும் என்றேன்.

சாம்பல் நிறப் பெண் முயல். ஒரு வயது. வைகாசியில் வந்தது. வந்த நாள் முதல் கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கும். நான் தையல் மெஷினை மிதித்தால் பின்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு தட்டு. நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போன பிறகுதான் புல்லில் வாய் வைக்கும். மருமகளிடம் மட்டும் வரும். அவள் தாவணி காலத்திலிருந்து வைத்திருக்கும் ஒரு பழைய துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடக்கும்.

நான் வீட்டு முன்னறையில் இருபத்தாறு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவள். படியேறி வருகிறவளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவேன். டேப் எடுப்பது அவர்கள் திருப்திக்காக. அப்படிப்பட்டவளுக்கு ஒரு முயலை அளக்கத் தெரியாதா?

"ஒத்தையில கெடக்குல்ல, அதான் இப்படி. ஒரு ஜோடியைக் கொண்டாந்து விட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்றேன்.

"இப்ப வேணாமுங்க அத்தை. அவ இன்னும் இந்த எடத்துக்கே பழகலீங்க. மொதல்ல பழகட்டுமுங்க."

"பழகுறதுக்குத்தானே தாயி துணை வேணுங்கிறேன்."

அவள் எதிர்த்துப் பேசுகிற பெண் இல்லை. சிரித்துவிட்டு உள்ளே போனாள். இரண்டு நாள் கழித்து என் மகனிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. ஆவணி வரைக்கும் பார்க்கிறேன், இங்கே முயலுக்கு ஒத்துவரவில்லை என்றால் அம்மா வீட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்று சொன்னாள். அந்தப் பெண் தன்னுடையது என்று இந்த வீட்டுக்குக் கொண்டுவந்த உயிர் அது ஒன்றுதான். அது திரும்பிப் போனால் இவள் மனசும் பின்னாலேயே போய்விடும். உடம்பு இங்கே சோறாக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஒரே மகன், ஒரே மருமகள். எனக்கு அது தாங்காது.

அதற்குள் ஆடி வந்துவிட்டது. புதுப் பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற வழக்கத்தில் எங்கள் வீட்டில் சமரசமே கிடையாது. அவள் அப்பா வந்து அழைத்துப் போனார். சின்னப் பை ஒன்றில் நாலு துணி எடுத்துக்கொண்டாள். போகும்போது முயல் கூண்டின் முன் உட்கார்ந்து என்னவோ சொல்லிவிட்டுப் போனாள். மகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

எனக்கோ இதுதான் சமயம் என்று பட்டது. அவள் ஆவணி ஒண்ணாம் தேதி திரும்பி வரும்போது முயல் ஜோடியாகத் துள்ளிக்கொண்டிருக்க வேண்டும், அதைப் பார்த்து அவள் வாயடைத்து நிற்க வேண்டும். கன்னிவாடியில் முயல் வளர்க்கிற ஒருவரைப் பற்றி ஒரு கஸ்டமர் சொல்லியிருந்தாள். டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, வெள்ளையில் கறுப்புக் காது வைத்த ஆண் முயலாகப் பார்த்து எடுத்து, ஒயர்கூடையில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "என்னக்கா, கறிக்கா?" என்றாள். "மாப்பிள்ளைம்மா" என்றேன்.

வந்ததும் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி எடுத்தேன். டவுன் பஸ் ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "சம்பந்தி வீட்ல ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். "நீங்க செத்த நேரம் சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, பெண் முயலின் கூண்டைத் திறந்து மாப்பிள்ளையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

கல்யாணம் என்றால் எனக்குத் தெரிந்தது அம்புட்டுத்தான். வந்தவர்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டால் பழகிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் பழகினேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மூலையில் பதுங்கியே கிடந்த அந்தச் சாது முயலுக்கு அவ்வளவு வெறி எங்கிருந்து வந்ததோ! பாய்ந்து ஏறி அவனைக் கடித்துக் குதறியது. கூண்டுக்குள் பஞ்சு மெத்தை கிழிந்த மாதிரி ரோமம் பறந்தது. கையை உள்ளே விட்டுப் பிரித்தேன். என் கட்டைவிரலிலும் ஒரு கடி. மாப்பிள்ளையின் கறுப்புக் காது ஓரத்தில் கிழிந்து ரத்தம் சொட்டியது. ஆரத்தித் தட்டு அப்படியே வாசலில் இருந்தது.

இரண்டையும் தனித்தனிக் கூடையில் போட்டு ஆட்டோ பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். காதுக்கு மருந்து போட்டுவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"பொண்ணோட கூண்டை வீட்ல எங்க வச்சிருக்கீங்க?"

"எங்கன்னா... காலையில வாசல் கூட்டும்போது கொல்லைப் பக்கம். கஸ்டமர் வந்தா மெஷினுக்குப் பின்னாடி. வெயில் வந்துட்டா பாத்ரூம் ஓரமா தள்ளி வப்பேன்."

"அப்ப அதுக்குன்னு ஒரு இடமே இல்லையாம்மா?"

நான் கூடையைக் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"வீட்ல எதுவுமே அதுக்குச் சொந்தமில்ல. அந்தக் கூண்டு ஒண்ணுதான் மிச்சம். அதுக்குள்ளயும் இன்னொண்ணைக் கொண்டுபோய் விட்டா கடிக்காம என்ன செய்யும்? முதல்ல ஒரே இடத்துல வைங்க. பயமில்லாம காலை நீட்டிப் படுக்குதான்னு பாருங்க. உங்க முன்னாடி சாப்பிடுதான்னு பாருங்க. அதுக்கப்புறம் ஜோடியைப் பத்தி யோசிக்கலாம்." குட்டிகள் வேண்டாம் என்றால் ஆணுக்குக் காயம் ஆறியதும் ஒரு சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டும், செய்தபிறகும் ஒரு மாதத்துக்கு மேல் பிரித்துத்தான் வைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் மருமகளுக்குப் போன் போட்டேன். தவறு செய்தால் ஒப்புக்கொண்டுவிடுவேன், அந்த விஷயத்தில் நான் சுத்தம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"ஏனுங்க அத்தை, எங்க ரெண்டு பேரையும் ஆடின்னு பிரிச்சு வெச்சுப்போட்டு, அவளுக்கு மட்டும் ஜோடி சேத்துனீங்களாக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ஆனால் அடுத்ததாக, "பாவமுங்க. ஆவணிக்கு வந்ததும் அவளை எங்க வீட்டுக்கே கொண்டாந்து உட்டறனுங்க" என்றாள்.

எங்க வீடு. இரண்டு மாதம் இங்கே இருந்தும் அவளுக்கு எங்க வீடு என்றால் அதுதான். தாலி கட்டி வந்தவளுக்கு இது இன்னும் அத்தை வீடு. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அதை அடக்கிக்கொண்டு, "இப்ப அவ பயந்து கெடக்கா. என்ன செய்யட்டும், அதைச் சொல்லு" என்றேன்.

"என் பழைய துப்பட்டாவப் போடுங்க அத்தை. என்ற வாசம் இருந்தா அமைதியாயிருவா. தொவைக்காமத்தான் எடுத்து வெச்சிருக்கறனுங்க."

"பீரோவுல எந்தத் தட்டு?"

"பீரோவுல இல்லீங்க. கட்டலுக்கடியில பொட்டியில இருக்குதுங்க."

கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தக் கல்யாண சூட்கேஸை இழுத்துத் திறந்தேன். புடவை, சுடிதார், உள்பாவாடை, துண்டு எல்லாம் மடித்து அடுக்கியிருந்தாள். ஒரு ஓரத்தில் சீப்பு. சோப்பு டப்பா. அவள் படித்த பள்ளியில் கொடுத்த ஒரு கேடயம், செய்தித்தாளில் சுற்றியிருந்தது. நாளைக்கே ஊருக்குப் போகிறவளின் பெட்டி. இரண்டு மாதமாகத் தினமும் குனிந்து இழுத்து, துணியை எடுத்துவிட்டு, திரும்பத் தள்ளி வைத்திருக்கிறாள்.

பக்கத்தில் நின்ற பீரோவைத் திறந்தேன். மேல் தட்டு என் மகனுடையது. மற்ற மூன்று தட்டிலும் என் கஸ்டமர்கள் வாங்காமல் விட்டுப்போன ஜாக்கெட்டுகள், வெட்டுத்துணி மூட்டைகள், லைனிங் துணிகள். எங்க வீட்ல எல்லாம் இருக்கு என்று சபையில் சொன்னேனே, அந்த எல்லாம் இதுதான். எனக்கு அழுகை வந்தது. ஊரான் உடம்பையெல்லாம் அங்குலம் அங்குலமாக அளந்தவளுக்குத் தன் வீட்டில் ஒருத்திக்கு ஒரு தட்டு வேண்டும் என்று தெரியவில்லை.

அழுதது கொஞ்ச நேரம்தான். மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். வருஷக்கணக்காக ஜாக்கெட்டை வாங்காமல் இருந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, "வந்து எடுத்துட்டுப் போறியா, இல்ல முயலுக்குப் போடட்டுமா?" என்றேன். மூன்று தட்டும் காலியாகின. துடைத்து, காகிதம் விரித்தேன். துப்பட்டாவை எடுத்து முயலுக்குப் போட்டதோடு சரி, அவள் பெட்டியைத் தொடவில்லை. அது அவள் வேலை.

முயலுக்கு மெஷினுக்கு இடப்பக்கம், ஜன்னலடியில் ஓர் இடம் ஒதுக்கினேன். கஸ்டமர்கள் இடிக்கிறது என்று முணுமுணுத்தாலும் கூண்டை நகர்த்தவில்லை. கதவையும் பகலில் திறந்தே வைத்தேன். ஆண் முயல் உள்ளறையில் இருந்தது. அதற்கு ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. அங்கே கிடந்த வெட்டுத்துணியை எடுத்து இங்கே போடுவேன், இங்கே கிடந்ததை அங்கே போடுவேன். டாக்டரம்மா சொல்லித்தந்த வழி இது. வாசத்தால் முதலில் அறிமுகமாகட்டும் என்றார். முதல் வாரம் அவன் துணியைக் கண்டாலே சாம்பல்காரி காலால் உதைத்து வெளியே தள்ளினாள். அடுத்த வாரம் முகர்ந்தாள். ஒருநாள் நான் மும்முரமாகத் தைத்துக்கொண்டிருக்கும்போது வெளியே வந்து, மெஷின் காலில் தாடையை வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்தாள். அது இது என்னுடையது என்று சொல்கிற வழியாம். இருபத்தாறு வருஷமாக என்னுடையது என்று நான் நினைத்த மெஷின். சரி, வைத்துக்கொள் என்றேன்.

ஆவணி ஒன்றாம் தேதி மருமகள் வந்தாள். அவள் படியேறும்போது முயல் ஜன்னலடியில் ஒருபக்கமாகச் சாய்ந்து, பின்னங்காலை நீட்டிப் படுத்திருந்தது. அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"இப்படிப் படுத்து நான் எங்க வீட்லதானுங்க பாத்திருக்கறேன்."

"அப்ப நாளைக்கே சேத்து விட்ருவோமா?"

"இன்னும் ரெண்டு மூணு வாரம் ஆகட்டுங்க அத்தை. அவனுக்கும் ஆபரேஷன் முடிஞ்ச நாள் கணக்கு இருக்குதுல்லங்க."

என் வாயில் நாலு வார்த்தை தயாராக இருந்தது. விழுங்கிவிட்டுச் சரி என்றேன்.

பீரோவைத் திறந்து காட்டி, இந்த மூணு தட்டும் உனக்கு என்றும் சொன்னேன். தலையாட்டினாள். ஆனால் பெட்டி கட்டிலடியிலேயே இருந்தது. ஒரு வாரம் போனது. அவள் குளிக்கப் போகிற நேரத்தில் திருட்டுத்தனமாகப் பீரோவைத் திறந்து பார்ப்பேன். விரித்த காகிதம் விரித்தபடியே இருக்கும். இரண்டாவது வாரமும் அப்படியே. எடுத்து அடுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் உடனே அடுக்கிவிடுவாள், அது எனக்குத் தெரியும். என் கட்டைவிரலில் இருந்த தழும்பைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தேன். என் ஆயுசில் நான் அவ்வளவு நாள் வாயை மூடியது கிடையாது.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் காலை, அவளாகவே வந்து, "இன்னைக்குப் பாக்கலாமுங்க அத்தை" என்றாள். இரண்டுக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டும் என்று மொட்டைமாடியைத் தேர்ந்தெடுத்தாள். நான் புதுக் காடாத்துணி ஒன்றை விரித்தேன். எதிரே எங்கள் ஊர் மலைக்கோட்டைப் பாறையில் அப்போதுதான் வெயில் விழுந்திருந்தது. ஆரத்தி எடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு முயலாக இறக்கிவிட்டு, பிரிப்பதற்குத் துண்டோடு பக்கத்தில் உட்கார்ந்தோம். சாம்பல்காரி ஒரு சுற்றுச் சுற்றினாள். கிழிந்த காதுக்காரன் அசையாமல் கிடந்தான், அவனுக்கு நினைவு இருக்கும்போல. அவள் கிட்டே வந்து முகர்ந்தாள். அப்புறம் தலையைத் தாழ்த்தி அவன் முன்னால் நீட்டினாள். அவன் அவள் நெற்றியை நக்க ஆரம்பித்தான். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் அறைக்குள்ளிருந்து சூட்கேஸை ஒரு கையால் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு எழுந்தேன்.

"அத்தை, இதைப் பரண்ல போட்டறலாமுங்களா? கட்டலுக்கடியில எடத்த அடைக்குதுங்க."

எனக்கு மூட்டுவலி. ஸ்டூலில் ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நான்தான் ஏறினேன். அவள் கீழேயிருந்து நீட்டிய பெட்டியை வாங்கினேன். அதில் கனமே இல்லை.