ஹெட்போனுக்குள் இருந்த செல்வின்

மார்த்தாண்டத்தில் ராப் பாடிய, பாடுகிற, பாடப் போவதாக ஊரை மிரட்டிக்கொண்டிருக்கிற அனைவருக்கும்.

இனயத்து அனிஷா பேசத் தொடங்கினால் நாகர்கோவில் ரெயில் வெட்கப்பட்டு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். ராப் பாடுகிறவள். அவள் ஒரு மூச்சில் சொல்வதை நான் எழுதி முடிக்க ஒரு மழைக்காலம் வேண்டும். அன்று காலை குழித்துறைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. "மாமா," என்றாள். நிறுத்தினாள். "செல்வின் அண்ணன்," என்றாள். மறுபடியும் நிறுத்தினாள். அவளுடைய ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அவ்வளவு இடம் கிடந்து நான் கேட்டதில்லை. மிச்சத்தை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம்.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதே முறை. ஆனால் நான் செல்வினை 'அவர்' என்று எழுதினால், யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறாரென்று அவனே எழுந்து நாற்காலி தேடுவான். ஆகவே 'அவன்'.

துபாய்க்கு ஏசி மெக்கானிக்காகப் போனவன் அவன். எங்கள் ஊர்க்காரர்கள் அங்கிருந்து கம்பளிப் போர்வையும் வாசனைத் தைலமும் கொண்டு வருவார்கள். இவன், தொழிலாளர் கேம்ப் அறையில் உடன் கிடந்த பல நாட்டுக்காரர்களிடம் பீட், அதாவது ராப்புக்கான தாளக்கட்டு, போடக் கற்றுக்கொண்டு, ஒரு லேப்டாப்போடும் இரண்டு ஸ்பீக்கரோடும் வந்து இறங்கினான். மார்த்தாண்டம் சந்திப்பில் ஒரு ரப்பர் கடையின் மாடியைப் பிடித்தான். உலகத்திலுள்ள மொத்த ஹாரனில் பாதி ஒலிப்பது அந்தச் சந்திப்பில்தான். மறுபாதி அங்கே வந்து சேர வழி கேட்டுக்கொண்டிருக்கிறது. சத்தம் நுழையாதிருக்கச் சுவர் முழுக்க ரப்பர் ஷீட்டை அடுக்கடுக்காகத் தொங்கவிட்டான். அந்த அறையில் ஒரு பாட்டுப் பாடியவனுக்குப் பேரன் பிறந்தால் அந்தப் பேரனும் புகைபோட்ட ரப்பர் மணப்பான்.

அங்கே எனக்கொரு பதவி இருந்தது. முப்பது வருடம் பஸ் கண்டக்டராக விசில் ஊதிய எனக்கு, அறிமுகமில்லாதவர்களைப் பேசவைப்பது பிறவிக் குணம். பாட வருகிறவர்களை, பீட் போடுகிறவர்களை மைக் முன்னால் உட்கார்த்தி நான் வாயைக் கிண்ட வேண்டும். செல்வின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அடுத்த அறையில் இருந்து கேட்பான். ஏதாவது சொல்லவேண்டுமென்றால் என் ஹெட்போனுக்குள் மட்டும் சொல்வான். அந்தப் பேச்சுகளை வெட்டி ஒட்டி எங்கள் யூடியூப் சேனலில் போடுவோம். ஆனால் அவனுடைய உண்மையான வேலை வேறு. பேசுகிறவருக்கு எந்த இடத்தில் கோபம் வருகிறதோ, அந்த இடத்தில் அவர் பேசும் வேகத்தை அளந்து, அதில்தான் அவருக்கான பீட்டைப் போடுவான்.

அனிஷா முதன்முதலில் வந்த அன்று, மெதுவாக அழுகிற ஒரு பாட்டோடு வந்தாள். ஆழ்கடலுக்குப் போன அப்பாவுக்காகக் காத்திருக்கிற பாட்டு. செல்வின் ஹெட்போனில், "மாமா, கிண்டும்," என்றான். கிண்டினேன்.

"ஏட்டி, இனயத்துக்காரன் வள்ளத்துல ஏறினா கரையப் பாத்துக்கிட்டேதான் போவானாமே, பயத்துல?"

"யாருவே பயந்தது? திருவிழாவுக்கு வந்துருவேன்னு சொல்லிட்டுப் போன மனுசன் எனக்க அப்பா. கொடியும் எறக்கியாச்சு, பந்தலும் பிரிச்சாச்சு, இன்னும் கரை காணல்ல. நீரு பஸ்ஸு படியில தொங்கிட்டு விசிலடிச்ச ஆளு. நீரு கடலப் பத்திப் பறயாண்டாம், கேட்டீரா!"

கண்ணாடிக்கு அப்பால் செல்வின் இரண்டு விரலால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தான். அரைமணி நேரத்தில் பீட் வந்தது. அவளுடைய கோபத்தின் வேகம். அதே வரிகளை அதில் பாடினாள். அழுகைப் பாட்டு பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றது. செல்வின் சொன்னான்: "அழுகப்ப எல்லாருக்கும் ஒரே வேகம் மாமா. சண்டை போடப்பதான் அவனவனுக்க வேகம் வரும்." அவள் அப்பா கரைக்கு வந்து பாட்டைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு கோவமா மக்கா எனக்க மேல?" என்று கேட்டாராம். கேட்டுவிட்டு மறுபடியும் போடச் சொன்னாராம்.

ஒருமுறை பெரிய நகரத்திலிருந்து ஒரு இசைத் தயாரிப்பாளர் வந்தார். அவர் அணிந்திருந்த கண்ணாடிக்கே தனியாக ஒரு டிக்கெட் எடுத்திருப்பார்கள். "உங்க ஊர் ஹிப்ஹாப்போட தனி அடையாளம் என்ன?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிச் சேரமன்னர் காலத்திலிருந்து தொடங்க இருந்தேன். அதற்குள் செல்வின் ஜன்னலைத் திறந்துவிட்டான். லாரி, பஸ், ஆட்டோ, கீழே ரப்பர்க் கடைக்காரரின் ஏச்சு, எல்லாம் ஒன்றாக உள்ளே வந்தன. கொஞ்ச நேரம் கழித்து மூடினான். "எங்க பாட்டு இந்தச் சத்தத்துக்கு மேல கேக்கணும் சார். அதான்," என்றான். வந்தவர் அதைத் தன் போனில் எழுதிக்கொண்டார். நான் சேரமன்னரை விழுங்கிக்கொண்டேன்.

எல்லாரையும் பேசவைத்தோம், அவனை என்னால் பேசவைக்க முடியவில்லை. "ஒரு நாளு நீ இந்தப் பக்கம் உக்காரு லேய், நான் கேக்கேன்," என்று கெஞ்சியிருக்கிறேன். "எல்லாரும் பேசியாச்சு. ஒருத்தனாவது கேக்கதுக்கு வேணும்லா," என்பான்.

எங்களுக்குள் ஒரேயொரு சண்டைதான், என் ஹெட்போன். விசில் தின்ற காது என்னுடையது. சத்தத்தை முழுக்கத் திருகி வைத்தால்தான் கேட்கும். "மாமா, உமக்க ஹெட்போன் சத்தம் வெளிய வந்து மைக்குல ஏறுது. கொசு அழுகமாரி இருக்கு. ஒவ்வொண்ணா வெட்டி எனக்க கண்ணு போச்சு," என்பான். நான் குறைப்பேன். அவன் திரும்பியதும் கூட்டுவேன்.

அடக்கம் முடிந்து, ஜெபத்துக்கு வந்தவர்கள் கலைந்தபின், அவன் மனைவி ஷீபா என்னிடம் வந்தாள்.

"மாமா, அவருக்க சத்தம் எங்கயாவது இருக்கா?"

எனக்குப் புரியவில்லை.

"போன்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் போட மாட்டாரு. 'சரி', 'வாறேன்', அவ்வளவுதான் எழுதுவாரு. கல்யாண வீடியோவுல வாய் அசையுது, மேல பாட்டுப் போட்டு வச்சிருக்கான். அவரு போட்ட பீட்டெல்லாம் இருக்கு மாமா. அவருக்க சத்தம் மட்டும் ஒண்ணுகூட இல்ல. இப்பவே எனக்கு மறந்துருமோன்னு இருக்கு."

ஊரெல்லாம் பேசியது அந்த அறையில் இருக்கிறது; அவன் மட்டும் இல்லை. பக்கத்தில் நின்ற அனிஷாதான் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா," என்றாள், "அந்தக் கொசு."

சேனலில் போடும்போதுதான் அவன் வெட்டுவான்; மூலப் பதிவுகளை ஒருநாளும் அழிக்கமாட்டான். ஷீபா சாவியைக் கொண்டு வந்தாள். மூவரும் மாடி ஏறினோம். ரப்பர் மணம் அப்படியே இருந்தது. நாற்காலியில் அவன் உட்கார்ந்த பள்ளமும் இருந்தது. அனிஷா தன் முதல் நாள் பதிவைப் போட்டாள். என் குரல், அவள் குரல், என் குரல், மறுபடியும் என் குரல். ஆண்டவரே, நான் எவ்வளவு பேசியிருக்கிறேன்! நாங்கள் மூச்சு வாங்கிய இடைவெளிகளை மட்டும் பிடித்து அனிஷா சத்தத்தைக் கூட்டினாள். எனக்கு இரைச்சல்தான் கேட்டது. ஷீபாவின் கை சட்டென்று மேசையைப் பிடித்துக்கொண்டது.

"இன்னும் ஒருக்கா போடு மக்கா," என்றாள்.

அந்தமுறை எனக்கும் கேட்டது. என் ஹெட்போனிலிருந்து கசிந்து, மைக்கில் ஏறி, தூரத்துக் கரையிலிருந்து வருவதுபோல, தகரக்குரலில்: "மாமா, ஒருக்கா சும்மா இரும். அவ சொல்லட்டு."

ஷீபா சிரித்தாள். கண்ணிலிருந்து ஒழுகியது, துடைக்கவில்லை. "இப்படித்தான், இப்படித்தான் மெல்லமாப் பேசுவாரு," என்றாள். அதன்பின் பதிவு பதிவாகத் தேடினோம். நான் பேசிய ஒவ்வொரு பதிவிலும் அவன் இருக்கிறான். பெரும்பாலும் அதே வரிதான். சில இடத்தில் 'மாமா' என்று தொடங்குவதோடு சரி. மீதியை என் தொண்டை விழுங்கிவிட்டது. அந்த இடங்களைத்தான் அதிகம் தேடிக் கேட்கிறேன்.

அனிஷா எல்லாவற்றையும் கோர்த்து ஷீபாவின் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். ஹெட்போனை மாட்டி, சத்தத்தை முழுக்கத் திருகி, சந்திப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்கிறேன். அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வரி. என்னை விட்டால் இந்தக் கட்டுரையைக் கொல்லம் வரைக்கும் நீட்டுவேன். அவனைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இருக்கிறது. ஆனால் காதுக்குள் அவன் தொடங்கிவிட்டான்.

சரி மருமகனே, சும்மா இருக்கிறேன். அவனை அறிந்த மக்களே, இனி நீங்கள் சொல்லுங்கள்.