சொன்னதைக் கேட்டவள்

எனக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாள். நடக்கப் பழகிய வயதில் வாய்க்காலில் விழுந்து இறந்துபோனாள். சுரக்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஓடிய வாய்க்கால் அது. பெரியவர்களுக்கு முழங்கால் நனையும், அவ்வளவுதான். அம்மா அந்த நேரம் வயலில் நடவுக்குப் போயிருந்தாள். அதற்குப் பிறகு பிறந்தவள் நான். என்னைத் தரையில் விடவே அம்மாவுக்கு மனம் வரவில்லை என்று அத்தைகள் சொல்வார்கள்.

காரணம் தெரிந்ததால் எனக்குக் கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை.

சைக்கிள் கூடாது. கொல்லைக்குத் தனியாகப் போகக் கூடாது. வானம் கறுத்தால் பள்ளிக்கூடம் கிடையாது. சனிப்பெயர்ச்சி அன்று ஊரே திருநள்ளாற்றில் இருக்கும். நான் மட்டும் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பேன். “கூட்டத்துல மிதிபட்டா யாரு தூக்குவா?” என்பாள் அம்மா. நானும் மிதிபட்டுக் கிடப்பதுபோலவே நினைத்துப் பார்த்துக்கொள்வேன். கொஞ்ச நாளில் அம்மா சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. எதைப் பார்த்தாலும் அதில் எப்படிச் சாகலாம் என்பது எனக்குத் தானாகவே தெரிந்தது.

எனக்குப் பிறகு பிறந்த தம்பிக்கும் இதே கட்டளைகள்தான். அவன் தலையை ஆட்டிவிட்டுக் கொல்லைப்புறமாகப் போய்விடுவான். ஆற்றில் நீச்சல் கற்றுக்கொண்டான். கிளிஞ்சல்மேட்டு மீனவர் குப்பத்தில், உடன் படித்தவனின் அப்பாவோடு பைபர் படகில் கடலுக்குப் போய் வந்தான். மீன் நாற்றத்தில் மாட்டிக்கொண்டபோது அம்மா விளக்குமாற்றால் அடித்தாள். அடி ஓய்ந்ததும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா, “ஆம்பளப் புள்ள, அப்புடித்தான் இருப்பான்” என்று சொல்லிவிட்டு வயலுக்குக் கிளம்பினார். அடுத்த வாரம் அவன் மறுபடியும் ஆற்றில் குதித்தான்.

நான் நர்சிங் படித்தேன். காரைக்காலிலேயே கல்லூரி என்பதால் அம்மா சம்மதித்தாள். படித்து முடித்த பிறகு அரசு வேலைக்குத் தேர்வானேன். முதல் பணியிடம் ஏனாம் என்று வந்தது. நம் புதுச்சேரி ஆட்சிக்குள் இருக்கும் ஊர்தான் என்றாலும் ஆந்திராவுக்குள் கிடக்கிறது. ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம், அதன்பின் பேருந்து.

“அங்க புயல் வரும்” என்றாள் அம்மா.

“இஞ்ச மட்டும் வராதாம்மா?”

“இஞ்ச வந்தா நான் இருக்கேன். அங்க யாரு இருக்கா? பாஷை தெரியாத ஊருல பொம்பளப் புள்ள. நீ போனீன்னா நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்.”

குடிக்கவும் இல்லை. மயங்கி விழுந்தவளுக்கு நான்தான் குளுக்கோஸ் ஏற்றினேன். ஊசி குத்தும்போதே, “போவலைன்னு சொல்லு” என்றாள். சொன்னேன்.

என்னோடு படித்த கருக்களாச்சேரிப் பெண்ணுக்கும் ஏனாம்தான் கிடைத்திருந்தது. அவள் போனாள். சில வருடங்களில் மாற்றல் வாங்கிக் காரைக்கால் அரசு ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிட்டாள். இப்போது வார்டு முழுவதும் அவள் பேச்சுக்கு அடங்கும். நான் திருநள்ளாற்றில் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், அங்கே ஒரு டாக்டரின் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தம்பி சென்னைக்கு வேலை தேடிப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். மறுநாள் விமான நிலையத்திலிருந்து பேசினான். “பிளேன் ஏறப் போறேன்மா. சிங்கப்பூர். சொன்னா விடமாட்டல்ல, அதான் சொல்லல.” அம்மா செல்போனைக் கீழே போட்டுவிட்டு, சாவு வீடுபோல் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அவன் அங்கேயே நிலைத்துவிட்டான். சுரக்குடி வீட்டை மாடியாக்கினான். அப்பா காலமான பிறகு அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அம்மா என்னோடு இருக்கிறாள்.

அப்பா இருந்த காலத்தில், தம்பிக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவர்கள் ஒருநாள் சுரக்குடி வீட்டுக்கு வந்தார்கள். நான் காபி கொண்டு போனேன். அம்மா அவர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“அவன் என்னைய மாதிரி. எதுக்கும் அஞ்ச மாட்டான். தன்னந்தனியா பிளேன் ஏறிப் போனவன்ங்க அவன். இந்தா நிக்கிறாளே, இவதான் சின்னதுலேருந்தே பயந்தாங்கொள்ளி. கவருமெண்டு வேலையே கெடைச்சுது. வெளியூருன்னு போவாம வுட்டுட்டா.”

வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தட்டை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். 

அவர்கள் போன பிறகு கேட்டேன். “நீதானம்மா போவாதன்னு பட்டினி கெடந்த?”

 டம்ளர்களைக் கழுவப் போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள். “அவனையுந்தான் ஆத்துக்குப் போவாத, கடலுக்குப் போவாதன்னேன். அவன் கேட்டானா?”

 கேட்டவளுக்குக் கிடைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. கேட்காதவன் தைரியசாலி. அவனுக்குப் பயம் இல்லாமல் போனதற்கு அம்மா காரணமில்லை. எனக்குப் பயம் வந்ததற்குக் காரணம் அவள்தான். ஆனால் அவள் கணக்கில் அது தலைகீழாக இருக்கிறது. இப்போது அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், குளியலறையில் வழுக்காமல் கைபிடித்துக் கூட்டிப்போவதும் நான்தான். தைரியசாலி ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான்.

சில மாதங்களுக்கு முன்பு என் மகள் முழங்கை சிராய்த்து வந்து நின்றாள். கல்லூரியில் படிக்கிறாள். படியில் விழுந்ததாகச் சொன்னாள். தினமும் காயம் பார்க்கிறவள் நான். தார்ச்சாலையில் இழுத்த காயத்தைப் படிக்கட்டுக் காயம் என்றால் நம்புவேனா?

“யாரு வண்டி?” என்றேன்.

அவள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். கூடத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “என்கிட்ட சொல்லிட்டுத்தான் வண்டி பழவுறா. வுடு. உன்ன மாதிரி பயந்துகிட்டே கெடக்கணுமா அவ?”

என்னிடம் மறைத்திருக்கிறாள், அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். காயத்தைவிட அதுதான் எனக்கு வலித்தது. பஞ்சில் மருந்தை நனைத்துத் துடைத்துவிட்டேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் திட்டவில்லை. கட்டுப் போட்டுவிட்டு, “லைசென்ஸ் எடுத்த பொறவு என்னைய கிளினிக்ல கொண்டாந்து விடு” என்றேன். அவள் என்னை நம்பாமல் பார்த்தாள்.

லைசென்ஸ் வந்தது. நேற்றுக் காலை அவள் பின்னால் உட்கார்ந்து போனேன். கம்பியைப் பிடித்த கையில் வேர்த்தது. ஒவ்வொரு வளைவிலும் ‘மெதுவா’ என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். கிளினிக் வாசலில் அவள் வண்டியை நிறுத்தினாள்.

“ஏம்மா வழியெல்லாம் பேசவே இல்ல?”

“பேசுனா எங்கம்மா மாதிரி பேசிடுவேன்” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. கல்லூரிக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். கொஞ்சம் வேகமாகத்தான் போனாள்.